வரம்பிலிருந்து விலக்கியாயிற்று, அளவீட்டிலிருந்தும் விலக்கிவிடாதீர்கள்

பெறுநர்:
தலைவர், மத்திய மின்சார ஆணையம், புது தில்லி
தலைவர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தில்லி

பொருள்: அனல்மின் நிலையங்களின் செயல்திறனைக் கணக்கிடும்போது புகையையும் சேர்த்துக் கணக்கிடுவது குறித்து

மதிப்புக்குரிய தலைவர்களுக்கு,

2025 ஜூலை 11 அன்று வெளியான மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அறிவிக்கை, நாட்டின் நிலக்கரி மின் உற்பத்தி அலகுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை, அதாவது ‘சி’ பிரிவில் (பெருநகரங்களுக்கும் மாசு மிகுந்த பகுதிகளுக்கும் அருகில் இல்லாத அலகுகள்) இருப்பவற்றை, கந்தக டை ஆக்சைடு வரம்பிலிருந்து விடுவித்துவிட்டது. புகைபோக்கி போதிய உயரம் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. 2015 டிசம்பர் 7 அன்று அந்த வரம்பை விதித்தபோது கொடுத்த அவகாசம் இரண்டே ஆண்டு. அது 2022 வரை நீண்டது, அதன் பிறகும் நீண்டது. பத்தாம் ஆண்டில் வரம்பே போய்விட்டது.

அந்த முடிவை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் இந்த மடல் அதைவிடச் சிறிய, அதைவிட அவசரமான ஒன்றைப் பற்றியது. வரம்பு போன நிலையங்களின் கருவிப் பிரிவில் இப்போது ஒரு கேள்வி நிற்கிறது: வரம்பே இல்லாத வாயுவை அளக்கும் அனலைசருக்கு உதிரிபாகம் எதற்கு, அதைச் சரிபார்க்கும் சோதனை வாயு அடைத்த கேலிபரேஷன் சிலிண்டர் எதற்கு? இதற்கு உங்களிடமிருந்து எழுத்தில் பதில் வராவிட்டால், சில ஆண்டுகளில் இந்த நாட்டின் பெரும்பாலான நிலக்கரிப் புகைபோக்கிகளிலிருந்து எவ்வளவு கந்தகம் வெளியேறுகிறது என்று சொல்ல யாரிடமும் நம்பகமான எண் இருக்காது. எண் இல்லாத இடத்தில் அந்த விலக்கு சரியா தவறா என்று பிறகு யாரும் ஆராயவும் முடியாது.

முதலில் எவ்வளவு என்று பார்ப்போம். இதற்குக் கருவிகூடத் தேவையில்லை, நிலக்கரிப் பகுப்பாய்வுத் தாள் போதும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.7 கிலோ நிலக்கரி என்று கொள்ளுங்கள், கந்தகம் 0.4 சதவீதம். எரியும்போது ஒரு பங்கு கந்தகம் இரண்டு பங்கு கந்தக டை ஆக்சைடு ஆகிறது. சாம்பலில் தங்கும் சிறு பங்கைக் கழித்தால் யூனிட்டுக்கு ஏறத்தாழ 5.3 கிராம். 210 மெகாவாட் அலகு ஒன்று முழுச் சுமையில் ஒரு நாள் ஓடினால் 26 டன்னைத் தாண்டுகிறது. ‘குறைந்த கந்தக நிலக்கரி’ என்று நாம் சொல்லிக்கொள்ளும் நிலக்கரியின் கணக்கு இது. கந்தகம் சதவீதத்தில் குறைவுதான். ஆனால் நம் நிலக்கரியின் வெப்ப மதிப்பும் குறைவு. அதனால் ஒரு யூனிட்டுக்குக் கூடுதலாக எரிக்கிறோம். சதவீதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

இந்த 5.3 கிராம், ஒரு யூனிட்டுக்கு வெளியேறும் சுமார் 3.5 கனமீட்டர் உலர் புகையில் கலந்திருக்கிறது. கனமீட்டருக்கு 1,500 மில்லிகிராம் அளவில் வருகிறது. 2017க்கு முன் நிறுவிய, 500 மெகாவாட்டுக்குக் குறைந்த அலகுகளுக்கு இருந்த வரம்பு 600. ஆகவே எஃப்ஜிடி (புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடை நீக்கும் அமைப்பு) இல்லாத, இப்படிப்பட்ட நிலக்கரியை எரிக்கும் அலகில் அளவீட்டுக் கருவியின் திரை 400 காட்டினால், பிழை கொதிகலனில் இல்லை, அளவீட்டில் இருக்கிறது. அப்படிக் காட்டும் திரைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். யாரோ வேண்டுமென்றே திருத்தியதால் மட்டும் இப்படி நடப்பதில்லை. பெரும்பாலும் பராமரிப்பு இல்லாததால்தான் நடக்கிறது. எப்படி நடக்கிறது என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

புகைபோக்கி மேடையில் செருகிய புரோபிலிருந்து (புகை மாதிரியை இழுக்கும் முனைக்குழாய்) கீழே அனலைசர் அறை வரை பல பத்து மீட்டர் மாதிரிக் குழாய் இறங்குகிறது. குழாயைச் சுற்றி வெப்பக் கம்பி ஓடும். 180 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். இணைப்பு ஒன்றில் காப்புறை கிழிந்து ஒரு சாண் நீளம் வெளியே தெரிந்தால் போதும். அந்த இடத்தில் குழாய் குளிர்ந்து, புகையிலுள்ள நீராவி உள்சுவரில் துளியாகப் படிகிறது. கந்தக டை ஆக்சைடு தண்ணீரில் எளிதாகக் கரைகிற வாயு. அனலைசருக்கு வந்து சேருவது மிச்சம்தான். கருவியில் கோளாறே இல்லை, தனக்கு வந்ததை அது சரியாக அளக்கிறது.

இந்தக் குறை கேலிபரேஷனில் பிடிபட வேண்டும். பிடிபடுவதில்லை, ஏனென்றால் சோதனை வாயுவை அனலைசரின் பின்பக்கத்திலேயே கொடுக்கிறார்கள். சிலிண்டர் அதே அறையில் இருக்கிறது, மேடைக்கு ஏற வேண்டியதில்லை. கருவி சரியாக வாசிக்கிறது, சான்றிதழும் தயாராகிறது. மேலே கிழிந்த காப்புறை கிழிந்தபடியே இருக்கிறது. சோதனை வாயுவைப் புரோப் முனையில் செலுத்தினால், மாதிரி வரும் அதே வழியில் அதுவும் வரும். 1,000 கொடுத்து 730 வந்தால் 27 சதவீதம் வழியில் போய்விட்டது என்று அப்போதே தெரிந்துவிடும். இதற்கு மெல்லிய குழாய் ஒன்று கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது ஆக்சிஜன். நிலக்கரிப் புகையை 6 சதவீத ஆக்சிஜன் அடிப்படைக்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். அளந்த எண்ணை 15ஆல் பெருக்கி, 21இலிருந்து அளந்த ஆக்சிஜனைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். திரையில் 480, ஆக்சிஜன் 10 சதவீதம் என்றால் உண்மையான எண் 654. ஏர் ப்ரீஹீட்டரின் (எரிகாற்றைச் சூடாக்கும் கருவி) சீல் தேய்ந்திருந்தாலும், புகைக் குழாயின் விரிவு இணைப்பில் ஓட்டை விழுந்திருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டுப் புகை நீர்த்துப்போகும். திருத்தம் செய்யாத எண்ணை வாங்கினால், பராமரிப்பு மோசமான நிலையம்தான் சுத்தமான நிலையமாகத் தெரியும். திருத்தத்துக்குப் பயன்படும் ஆக்சிஜன் எங்கே அளந்தது என்பதும் முக்கியம். கொதிகலன் வாயிலில் அளந்த 4 சதவீதத்தை எடுத்துப் புகைபோக்கியில் அளந்த கந்தகத்துக்குப் பயன்படுத்தினால் கணக்கு கெட்டது. இரண்டையும் ஒரே இடத்தில் அளக்க வேண்டும்.

ஈரமும் அப்படித்தான். குழாய் வழியே இழுத்துக் குளிர்வித்து அளக்கும் கருவி உலர் அடிப்படையில் எண் தருகிறது. புகைபோக்கியிலேயே அளக்கும் கருவி ஈரப் புகையை அளக்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரம். அப்படிப்பட்ட எரிபொருளின் புகையில் இந்த வேறுபாடு பெரியது. உலராக மாற்றினார்களா, மாற்றாமல் அனுப்பினார்களா என்பது இப்போது தரவோடு கூடவே வருவதில்லை.

கருவியின் வீச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். 0 முதல் 1,000 வரை அளக்கும் கருவியை 1,500 ஓடும் புகையில் வைத்தால், வரைபடத்தில் நேர்கோடு ஒன்று நாள் முழுக்க ஓடும். அது நிலையான இயக்கம் இல்லை. கருவி உச்சத்தில் முட்டி நிற்கிறது என்பதற்கான அடையாளம் அது. உங்கள் சர்வரில் வந்து விழும் தரவில் இதைக் கண்டுபிடிக்க ஒரு நிரல்வரி போதும்: ஒரு மணி நேரத்துக்கு மேல் மாறாத எண் எதுவானாலும் சந்தேகத்துக்குரியது.

தூசிக்கு இன்னும் வரம்பு இருக்கிறது. ஆனால் அதை அளக்கும் முறையும் இதே நிலையில்தான் இருக்கிறது. நம் நிலக்கரியில் 40 சதவீதம் சாம்பல் என்றால் யூனிட்டுக்கு 280 கிராம். அதில் ஐந்தில் நான்கு பங்கு புகையோடு பறக்கிறது. இஎஸ்பிக்குள் (மின்புலத்தால் தூசியைத் தகடுகளில் பிடிக்கும் கருவி) நுழையும்போது கனமீட்டருக்கு 64,000 மில்லிகிராம். வரம்பு 50 என்றால், அதற்குக் கொண்டுவர 99.92 சதவீதம் பிடித்தாக வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக எட்டுப் புலங்கள் (இஎஸ்பியின் தனித்தனிப் பகுதிகள்), ஒவ்வொன்றும் சம அளவில் பிடிக்கிறது என்று எளிய கணக்குப் போட்டால், ஒரே ஒரு புலம் நின்றாலும் 50 என்பது 122 ஆகிவிடும். புலம் நிற்பதற்குப் பெரிய விபத்து எதுவும் வேண்டாம். பிடித்த சாம்பல் விழும் தொட்டியான ஹாப்பரின் ஹீட்டர் பழுதாகிச் சாம்பல் இறுகுகிறது, வெளியேற்றும் குழாய் அடைக்கிறது, ஹாப்பரில் சாம்பல் மேலே ஏறி மின்முனையைத் தொடுகிறது, ஷார்ட் ஆகி டிரான்ஸ்ஃபார்மர் டிரிப் ஆகிறது. கட்டுப்பாட்டு அறையில் ஒரு விளக்கு சிவப்பாகும். அலகு ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஏனென்றால் இவ்வளவு மின்சாரம் தருவதாக ஷெட்யூல் கொடுத்தாகிவிட்டது.

அதே நேரத்தில் புகைபோக்கியிலுள்ள தூசிமானி என்ன காட்டுகிறது? ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதை வைத்துத்தான் அது தூசியைக் கணிக்கிறது. துகளின் பருமன் மாறினால், இறக்குமதி நிலக்கரி கலந்தால், சாம்பலின் நிறம் மாறினால் அந்தக் கணிப்பு மாறிவிடும். அதனால்தான் வடிகட்டித் தாளில் தூசியைப் பிடித்து எடை போடும் முறையோடு, குறைந்தது மூன்று சுமைகளில், அதை ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். அந்தச் சோதனையிலும் கவனம் வேண்டும். உறிஞ்சும் வேகமும் புகையின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேகமாக உறிஞ்சினால் கனமான துகள்கள் முனையில் நுழையாமல் நேராகப் போய்விடும், அறிக்கையில் எண் குறைந்துவிடும். நிலக்கரி மூலம் மாறிய பிறகும் பழைய அளவுத்திருத்தச் சமன்பாடே கருவியில் ஓடிக்கொண்டிருப்பது எங்கள் துறையில் அன்றாடக் காட்சி.

இனி, மத்திய மின்சார ஆணையத்துக்குத் தனியாக.

உங்கள் அன்றாட உற்பத்தி அறிக்கையில் ஒவ்வொரு நிலையத்தின் திட்டமிட்ட உற்பத்தியும் நடந்த உற்பத்தியும் இருக்கிறது. பிஎல்எஃப் (முழுத் திறனில் எத்தனை சதவீதம் உற்பத்தி), ஸ்டேஷன் ஹீட் ரேட் (ஒரு யூனிட்டுக்குச் செலவாகும் வெப்பம்), துணை நுகர்வு (நிலையமே பயன்படுத்தும் மின்சாரம்) ஆகிய மூன்றையும் வைத்து நிலையங்களை எடைபோடுகிறோம். எந்த நிலையத்திடம் முதலில் மின்சாரம் வாங்குவது என்று முடிவு செய்யும் மெரிட் ஆர்டரில், எரிபொருள் போன்ற மாறுசெலவு மட்டும் பார்க்கிறோம். புகைக்கு இந்தக் கணக்கு எதிலும் ஒரு பத்தி இல்லை. விளைவைப் பாருங்கள். ஆயிரம் கிலோ நிலக்கரியைக் கொண்டு இரண்டு அலகுகள் ஓடுகின்றன. முதல் அலகில் எஃப்ஜிடி இல்லை, துணை நுகர்வு 8.5 சதவீதம், வெளியே அனுப்பியது 1,307 யூனிட். இரண்டாம் அலகில் எஃப்ஜிடி ஓடுகிறது, சுண்ணாம்புக் குழம்பைச் சுற்றும் பம்புகளும் பூஸ்டர் ஃபேனும் சேர்ந்து ஒரு சதவீதம் கூடுதலாகத் தின்கின்றன, வெளியே அனுப்பியது 1,293. இப்போதைய அளவுகோலில் முதல் அலகுதான் திறமையானது. ஆனால் முதல் அலகு அனுப்பிய ஒவ்வொரு யூனிட்டோடும் 5.8 கிராம் கந்தக டை ஆக்சைடு போகிறது, இரண்டாவதில் 0.6 கிராம். 14 யூனிட்டை இழந்து ஏறத்தாழ 6.8 கிலோ நச்சு வாயுவை நிறுத்திய அலகைப் பின்வரிசையில் உட்கார வைக்கிறோம். எஃப்ஜிடியைப் பழுது என்று சொல்லி நிறுத்தி வைத்தால் அந்த அலகின் எண்கள் உடனே மேம்படும். ஓர் அளவுகோல் தவறு செய்யத் தூண்டுகிறது என்றால் மாற்ற வேண்டியது அளவுகோலைத்தான்.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. மின்சாரம் வேண்டிய விளைபொருள், புகை வேண்டாத விளைபொருள், இரண்டும் ஒரே அடுப்பிலிருந்து ஒன்றாக வருகின்றன என்று எடுத்துக்கொண்டு, முதலாவதைக் கூட்டவும் இரண்டாவதைக் குறைக்கவும் எந்த நிலையத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்கிடும் முறைகளைப் பொருளியலாளர்கள் 1980களிலிருந்தே மின் நிலையங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். அந்த முறையின் அடிப்படை விதி ஒன்று எங்கள் தளத்து அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது: புகையைச் சும்மா குறைக்க முடியாது, அதற்குக் கொஞ்சம் மின்சாரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். எவ்வளவு விட்டுக்கொடுத்தோம், எவ்வளவு குறைந்தது என்பதுதான் ஒழுங்குமுறையின் கீழ் ஒரு நிலையத்தின் செயல்திறன்.

எஃப்ஜிடிக்கு எதிரான வாதத்தையும் நாங்கள் மறைக்கவில்லை. மேலே சொன்ன அலகில் யூனிட்டுக்கு 4.8 கிராம் கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கும்போது சுண்ணாம்புக் கல்லிலிருந்து 3.3 கிராம் கரியமில வாயு வெளியேறும். ஒரு சதவீதம் கூடுதல் மின் நுகர்வுக்கு இன்னொரு 10 கிராம் அளவில் வரும். ஏற்கெனவே யூனிட்டுக்கு வெளியேறும் சுமார் 950 கிராமில் இது ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. தண்ணீரும் செலவாகும், துணைப்பொருளாக வரும் ஜிப்சத்துக்கு இடமும் வேண்டும். இவற்றையெல்லாம் அளந்து எதிரெதிரே வைத்துத்தான் வேண்டுமா வேண்டாமா என்று பேச வேண்டும். ‘நிலையத்தைச் சுற்றியுள்ள காற்றில் கந்தக டை ஆக்சைடு குறைவாகத்தான் இருக்கிறது’ என்ற ஒற்றை எண் போதாது. 220 மீட்டர், 275 மீட்டர் புகைபோக்கியின் வேலையே அதைத் தொலைவுக்கு அனுப்புவதுதான். போகிற வழியில் அது சல்ஃபேட் நுண்துகளாக மாறி, வேறொரு ஊரில் நுண்துகள் கணக்கில் சேருகிறது. அங்கே அதற்கு உரிமையாளர் இல்லை.

இன்னொரு மாற்றமும் சேர்ந்து வருகிறது. பகலில் சூரிய மின்சாரம் பெருகுவதால் நிலக்கரி அலகுகளை 40 சதவீதச் சுமை வரை இறக்கி ஓட்ட 2023இல் நீங்களே விதி வகுத்தீர்கள். சுமை குறைந்தால் ஹீட் ரேட் கெடும், உபரிக் காற்று கூடும், தீப்பிழம்பு தடுமாறினால் எண்ணெய் கொடுக்க வேண்டும். எண்ணெய் எரியும்போது எரியாத கரி தகடுகளில் ஒட்டித் தீப்பிடிக்கும் என்று இஎஸ்பி புலங்களை நிறுத்தி வைப்பது வழக்கம். அலகைத் தொடங்கும் நேரங்களிலும் அப்படித்தான். புகை மிக மோசமாக இருக்கும் இந்த மணிநேரங்கள்தான் ‘இயல்பான இயக்கம் அல்ல’, ‘பராமரிப்பில்’ என்ற குறியோடு சராசரியிலிருந்து கழன்றுபோகின்றன. இனிமேல் இவை கூடப்போகின்றன.

2021 ஏப்ரல் திருத்தத்தில் வந்த இழப்பீட்டு முறையிலும் இதே ஓட்டை இருந்தது. கெடு தாண்டிய நாள்களைப் பொறுத்து யூனிட்டுக்கு இத்தனை பைசா. வரம்பை ஒரு பத்து சதவீதம் மீறியவருக்கும் இரண்டரை மடங்கு மீறியவருக்கும் ஒரே கட்டணம். எவ்வளவு வெளியேறியது என்ற கேள்வியே அதில் இல்லை.

எங்கள் கோரிக்கைகளை நேராக வைக்கிறோம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ‘சி’ பிரிவு உட்பட எல்லா அலகுகளிலும் கந்தக டை ஆக்சைடு தொடர் அளவீடு கட்டாயமாகத் தொடர வேண்டும் என்று மாநில வாரியங்களுக்கு எழுத்தில் உத்தரவிட வேண்டும். விலக்கு வரம்புக்கு மட்டும்தான் என்பது அந்த உத்தரவின் முதல் வரியாக இருக்கட்டும். கருவியின் வீச்சு, நிலக்கரிக் கணக்கில் வரும் எண்ணைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். சோதனை வாயு புரோப் முனையிலிருந்தே செலுத்தப்பட வேண்டும். ஒவ்வொரு எண்ணோடும் அதே இடத்தில் அளந்த ஆக்சிஜன், ஈரமா உலரா என்ற குறிப்பு, அலகின் சுமை, ஓடும் இஎஸ்பி புலங்களின் எண்ணிக்கை ஆகியவை கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்து நேரடியாக வர வேண்டும், யாரும் தட்டச்சு செய்து அனுப்பக் கூடாது.

தரவு விடுபட்ட மணிநேரங்களை வெற்றிடமாக விடாதீர்கள். அதற்கு முந்தைய 30 நாளில் பதிவான உச்ச எண்ணை அங்கே நிரப்புங்கள். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் வந்த அளவீட்டு விதிகளில் இப்படிப்பட்ட ஏற்பாடு இருக்கிறது: கருவி எவ்வளவு அதிகம் பழுதாகிறதோ, அவ்வளவு பாதகமான எண் நிலையத்தின் கணக்கில் ஏறும். அந்த விதி வந்தால் உதிரிபாகம் வாங்க எந்த நிலையத்திலும் கோப்பு தேங்காது.

மாதம் ஒருமுறை, எரித்த நிலக்கரியின் எடையையும் கந்தகச் சதவீதத்தையும் கொண்டு போட்ட கணக்கு, கருவி சொன்ன மொத்தத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். 15 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் 30 நாளுக்குள் நிலையத்தோடு தொடர்பில்லாத குழு நேரில் சோதிக்க வேண்டும்.

மின்சார ஆணையம், அன்றாட உற்பத்தி அறிக்கையில் அலகு வாரியாக மூன்று பத்திகளைச் சேர்க்க வேண்டும்: வெளியே அனுப்பிய ஒரு யூனிட்டுக்குக் கந்தக டை ஆக்சைடு எத்தனை கிராம், நைட்ரஜன் ஆக்சைடுகள் எத்தனை கிராம், தூசி எத்தனை கிராம். தொடக்க நேரமும் எண்ணெய் எரித்த நேரமும் அதில் அடங்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மின்சாரத்தையும் புகையையும் சேர்த்தே கணக்கிட்ட செயல்திறன் வரிசையை வெளியிட வேண்டும். பழைய வரிசையும் பக்கத்திலேயே இருக்கட்டும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மக்கள் பார்க்கட்டும்.

மணிவாரித் தரவு முழுவதும், கணக்கு உருவாக்கி உள்நுழையத் தேவையில்லாமல், பதிவிறக்கும் வடிவில், குறைந்தது ஐந்து ஆண்டுக்கு இருக்க வேண்டும். திருத்திய எண்ணோடு திருத்தாத மூல எண்ணும் வேண்டும்.

இவற்றுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. தொடர் அளவீட்டுக் கருவிகளைப் பொருத்தச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரி 5 அன்றே உத்தரவிட்டுவிட்டது. கருவிகள் புகைபோக்கிகளில் இருக்கின்றன. 90 நாளுக்குள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா, மறுத்தால் என்ன காரணம் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
அனல்மின் நிலையங்களில் அளவீட்டுப் பணியிலும் செயல்திறன் சோதனையிலும் ஈடுபட்டுள்ள பொறியாளர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள்